பாதையில் இருந்த வைரவர்

மகனுடைய கலியாண விஷயமாக யப்பான் தோட்டத்துக்குப் போனோம் என்று சொன்னால், கோயிலில் என்னோடு பூக்கட்டுகிற அக்காமார் நான் எதையோ மாறிச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். மாறிச் சொல்லவில்லை. பெண்ணை மகன் முதலே பார்த்துவிட்டான். கார்ல்ஸ்ரூஹேயில் இரண்டு பேருக்கும் ஒரே வேலைத்தலம். நாங்கள் பார்க்கப் போனது பெண்ணின் தகப்பனை.

பிள்ளை கோயம்புத்தூர்ப் பிள்ளை. இங்கே படிக்க வந்து, படிப்பு முடிய வேலை எடுத்துக்கொண்டு நின்றுவிட்டது. நாங்கள் யாழ்ப்பாணம். மகன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் டோர்ட்மண்டில். பிள்ளையின் தாயும் தகப்பனும் மகளைப் பார்க்க விசா எடுத்து வந்திருந்தார்கள், அடுத்த கிழமை திரும்புகிறார்கள். அதற்குள் தகப்பன் ஓம் என்று சொல்ல வேண்டும். அவர் ஓம் சொல்லாமல் தான் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்று பிள்ளை சொல்லிவிட்டது. அந்த ஓம் கிடைக்காவிட்டால் தான் வேறு ஒருத்தரையும் கட்ட மாட்டேன் என்று மகன் சொல்லிவிட்டான். முப்பத்தாறு வயதுப் பெடியன் அப்படிச் சொன்னால் அது சும்மா கதை இல்லை.

"வீட்டுக்கு வரச் சொல்லு, நான் சமைக்கிறன்" என்றேன். மகன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். வீட்டுக்குக் கூப்பிட்டால் அது சம்பந்தம் பேசுகிற மாதிரி ஆகிவிடும், அப்பா வரவே மாட்டார் என்று பிள்ளை சொன்னதாம். அதனால் அவர்களுக்கும் சொந்தமில்லாத, எங்களுக்கும் சொந்தமில்லாத ஓர் இடம் வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு சின்னப் பட்டினத்தில், ஒரு பழைய மாளிகைக்குப் பின்னால் யப்பான் தோட்டம் ஒன்று இருக்கிறதாம்.

இவர், மகனின் தகப்பன், கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார், "பேச்சுவார்த்தைக்கு நடுநிலையான நாடு பாக்கிறியள் போல. நாங்கள் பாக்காத பேச்சுவார்த்தையோ. ஒண்டும் சரிவரேல்லை."

"அப்பா, இது வேற" என்றான் மகன்.

"எல்லாம் வேற எண்டுதான் தொடங்கிறது."

இவரின் வாய் அப்படி. ஆனால் அன்றைக்குப் போட என்று புது வெள்ளைச் சேட்டு வாங்கிக்கொண்டு வந்ததும் இவர்தான்.

வைகாசி மாதம். வாசலில் சந்தித்தோம். பிள்ளையின் தகப்பன் உயரமான மனுசன், பொதுப்பணித்துறையில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இவரைக் கண்டவுடன் கையைக் குவித்து, "வணக்கம் சார்" என்றார். இந்த நாட்டுக்கு வந்து சமையலறையில் கோப்பை கழுவி, பிறகு தொழிற்சாலையில் இரும்பு தூக்கின மனுசனை இதுவரை ஒருவரும் சார் என்று கூப்பிட்டதில்லை. இவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரும் வருகிறார்களோ என்று. பிறகு நெஞ்சு கொஞ்சம் முன்னுக்கு வந்தது. அன்று முழுக்க அது உள்ளே போகவில்லை.

பிள்ளையின் தாய் என்னைக் கண்டு சிரித்தா. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. புது ஆட்களோடு கதைக்க எனக்கு எப்போதும் கூச்சம். மறுபடியும் சிரித்தேன்.

வாசலில் ஒரு பலகை. இஞ்சினியர் ஐயாவுக்குப் பலகையைக் கண்டால் நின்று வாசிக்க வேண்டும், ஆனால் ஜேர்மன் தெரியாது. மகன் தன்னுடைய தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். நூறு வருசத்துக்கு முந்தி இந்த மாளிகையில் இருந்த பிரபு கப்பலேறி யப்பானுக்குப் போனாராம். அங்கே ஒரு சிற்றரசருக்காகக் கட்டின பழைய தோட்டத்தைப் பார்த்தாராம். பார்த்த இடத்திலேயே மனம் போய்விட்டதாம். அங்கேயிருந்து வேலைக்காரரையும் விளக்குத் தூண்களையும் கொண்டுவந்து, அதேபோல ஒன்றை இங்கே தனக்குக் கட்டுவித்தாராம்.

"நாங்கள் ஊருக்குப் போனா பனங்கட்டிதான் கொண்டு வாறது" என்றார் இவர். "அந்தாள் ஒரு தோட்டத்தையே தூக்கிக்கொண்டு வந்திட்டார்."

இஞ்சினியர் சிரிக்கவில்லை. பலகையிலிருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே நல்ல வடிவுதான், பொய் சொல்லக் கூடாது. ஒரு குளம், அதற்குள் செம்மஞ்சள் மீன்கள், கையும் காலும் முறுக்கிவிட்ட மாதிரிப் பைன் மரங்கள், நிலமெல்லாம் பச்சைப் பாசி. குளத்துக்கு மேலே ஒரு மரப்பாலம். அது நேராகப் போகாமல் இப்படி ஒருக்கா, அப்படி ஒருக்கா வளைந்து போனது. இஞ்சினியர் ஐயா பாலத்தின் தொடக்கத்தில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

"காண்ட்ராக்டர் ஏமாத்திட்டான்ங்க சார். அலைன்மென்ட்டே இல்லை."

"நேராப் போனா மீனைப் பாக்காமல் போயிடுவினம் எண்டுதான் அப்பிடிக் கட்டினதாம்" என்றான் மகன்.

"எங்க டிபார்ட்மென்ட்ல இந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தா என்னைய வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

பிள்ளையும் மகனும் முன்னுக்குப் போய்விட்டார்கள். மீனைப் படமெடுக்கிற மாதிரிக் குனிந்து நின்றார்கள். மகன் ஒரே மீனைத்தான் திரும்பத் திரும்பப் படமெடுத்தான் என்று நினைக்கிறேன். காது முழுக்க எங்கள் பக்கம்தான். பாலத்தின் இரண்டாவது வளைவில் பிள்ளையின் தகப்பன் நின்றார். இவரும் நின்றார். நாங்கள் இரண்டு பெண்களும் அவர்களுக்குப் பின்னால் நின்றோம்.

"சார், உங்க பையன் நல்ல பையன்ங்க. அதுல குறையே சொல்ல மாட்டேன்" என்றார் அவர். "ஆனா எனக்கு ஒரே பொண்ணு. ரெண்டு வருசம் படிச்சிட்டு வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனா. இப்ப கல்யாணமும் இங்கன்னா, அப்புறம் நானும் எங்க வீட்டம்மாவும் போன்ல மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். ஊருக்குப் போய் யோசிச்சுச் சொல்றேனுங்க."

"ஓம், யோசியுங்கோ" என்றார் இவர்.

யோசிச்சுச் சொல்றேன் என்றால் இல்லை என்றுதான் அர்த்தம். அது யாழ்ப்பாணத்திலும் அதுதான், கோயம்புத்தூரிலும் அதுதான் போல. பிள்ளையின் தாயின் முகத்தைப் பார்த்தேன். அவ கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றா. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்த மனுசிக்கு இது விருப்பம், சொல்லத்தான் துணிவில்லை என்று. என்னைப் போல ஒருத்திதான்.

பாலத்தைத் தாண்டிப் பெரிய பாதையில் நடந்தோம். ஆண்கள் இருவரும் முன்னுக்கு, ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு. ஓர் இடத்தில் பெரிய பாதையிலிருந்து ஒரு சின்னப் பாதை பிரிந்தது. பாசிக்கு நடுவில் கால் வைக்கக் கல்லுக் கல்லாகப் பதித்திருந்தார்கள். அது மரங்களுக்குள் இருக்கிற ஒரு சின்ன மரக் குடிலுக்குப் போகிறது. பிரபு தேத்தண்ணி குடிக்கிற குடிலாம்.

அந்தப் பாதையின் முதல் கல்லின் மேல் அவர் இருந்தார்.

ஒரு தேங்காய் அளவு. கறுப்புக் கல், நல்ல உருண்டை. கறுத்த கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, உச்சியில் முடிச்சுப் போட்டு, முடிச்சு ஒரு சின்னக் குடுமி மாதிரி நிமிர்ந்து நின்றது. எனக்குக் கால் தானாக நின்றுவிட்டது. சப்பாத்தைக் கழற்றினேன். பக்கத்தில் பார்த்தால் அவ எனக்கு முந்தியே கழற்றிவிட்டா.

"எங்க ஊர் கருப்பராயன் மாதிரியே இருக்காருங்க அக்கா" என்று மெதுவாகச் சொன்னா.

"எங்கட ஊரில இப்பிடி இருந்தா வைரவர்" என்றேன். அன்றைக்கு நான் கதைத்த பெரிய கதை அதுதான்.

"கயிறு கட்டியிருக்காங்க பாருங்க. யாரோ வேண்டுதல் வச்சிருப்பாங்க."

"ஓம். காவலுக்கு வைச்சிருப்பினம்."

யப்பான்காரருக்கும் சாமி இருக்கும்தானே. வழி நெடுக விளக்குத் தூண் வைத்தவர்கள் சாமி வைக்காமலா விட்டிருப்பார்கள். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கைப்பையில் திருநீற்றுப் பொட்டலம் எப்போதும் இருக்கும். மூன்று விரலால் பூசினேன். அவ தன்னுடைய பையிலிருந்து குங்குமம் எடுத்து நடுவில் ஒரு பொட்டு வைத்தா. பக்கத்துச் செடியின் கீழே விழுந்து கிடந்த சிவப்புப் பூ ஒன்றை எடுத்து முடிச்சில் செருகினேன். இருவரும் கண்ணை மூடினோம். நான் கேட்டது எனக்குத் தெரியும். அவ என்ன கேட்டா என்று நான் விசாரிக்கவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும்.

கண்ணைத் திறந்தால், படமெடுக்கிற ஒரு மனுசன் பின்பக்கமாக நடந்து வருகிறான். அவனுடைய குதிக்கால் வைரவரின் தலைக்கு ஒரு சாண் தூரத்தில்.

"இஞ்சேருங்கோ" என்று இவரைக் கூப்பிட்டேன். "வைரவர் ஆக்களின்ர காலுக்குள்ள இருக்கிறார். ஒருக்கா எடுத்து ஓரத்தில வையுங்கோவன்."

இவருக்குப் போன வருசம் முழங்கால் மாற்றினது. குனிய ஏலாது. இவர் இஞ்சினியரைப் பார்த்தார். இஞ்சினியருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லையாம், பிறகு பிள்ளை சொன்னது. ஆனால் அவர் தன் மனுசியைப் பார்த்தார். அவ கண்ணால் கல்லைக் காட்டினா. அவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து, இரண்டு கையாலும் கல்லைத் தூக்கினார். இவர் இரண்டு கையையும் ஏந்தி வாங்கினார். ஒரு பைன் மரத்தின் அடியில் இடுப்பு உயரத்தில் தட்டையான பாறை ஒன்று இருந்தது. அதன் மேல், கிழக்கு எந்தப் பக்கம் என்று சூரியனைப் பார்த்து விசாரித்து, வைத்தார்.

இஞ்சினியர் தள்ளி நின்று பார்த்தார். "லெவல் இல்லீங்க சார்" என்று சொல்லி, ஒரு சின்னக் கல்லைப் பொறுக்கி அடியில் முண்டு கொடுத்தார். நம்பிக்கை இல்லாதவருக்கு லெவல் முக்கியம்.

அதற்குப் பிறகு நாலு பேரும் பக்கத்தில் ஆட்கள் இருக்கப் போட்டிருந்த நீள மர வாங்கில் இருந்தோம். ஒரு நல்ல காரியம் செய்த ஆட்களுக்கு வருகிற கதை எங்களுக்கும் வந்தது. முழங்கால், சீனி வருத்தம், டோர்ட்மண்டில் முருங்கைக்காய் விற்கிற விலை. இஞ்சினியர் இவரிடம் தொழிற்சாலையில் என்ன செய்தார்கள் என்று கேட்டார். இவர் கையை விரித்து விரித்துச் சொன்னார். இதற்குள் சின்னப் பாதையால் ஆட்கள் போகத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு பேர், பிறகு ஒரு கூட்டம், பிறகு குழந்தையைத் தள்ளுகிற வண்டிலோடு ஒரு குடும்பம். வண்டிலின் சில்லு கல்லில் நிற்காமல் பாசிக்குள் இறங்கி இறங்கிப் போனது.

"பாத்தீங்களா, வழி விட்டதும் எப்படிப் போறாங்க" என்றார் இஞ்சினியர், தான் திறந்து வைத்த பாலத்தைப் பார்க்கிறவர் போல.

அப்போதுதான் தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு பெண் வந்தா. பச்சைச் சட்டை, நெஞ்சில் தோட்டத்தின் அடையாளம், இடுப்பில் கதைக்கிற கருவி. முதலில் பாதையைப் பார்த்தா. பிறகு பாசியைப் பார்த்தா. பிறகு பைன் மரத்தடியில் திருநீறும் குங்குமமும் பூவுமாகக் கிழக்கு நோக்கி இருந்தவரைப் பார்த்தா. நெடுநேரம் பார்த்தா. குடிலடியில் நின்ற ஆட்களை எல்லாம் திரும்பக் கூப்பிட்டுவிட்டு, இதை எடுத்தது யார் என்று எங்களிடம் கேட்டா. அந்த அளவு ஜேர்மன் எனக்கு விளங்கும்.

மகனும் பிள்ளையும் ஓடி வந்தார்கள். அந்தப் பெண் சொல்லச் சொல்ல மகனின் காது சிவந்துகொண்டே போனது.

"அம்மா, அது சாமி இல்லை" என்றான். "அது ஒரு ஃபெர்போட். 'இதுக்கு அங்கால வராதேங்கோ' எண்டு வைக்கிறது. பிரபுமாரின்ர தோட்டத்தில பலகை வைச்சு விருந்தாளிக்கு 'வராதை' எண்டு எழுத மாட்டினமாம், அது மரியாதை இல்லையாம். கயிறு கட்டின கல்லை வைச்சா, வாறவை தாங்களாவே விளங்கித் திரும்பிடுவினமாம். உள்ளுக்கு இப்பத்தான் புதுசாப் பாசி நட்டிருக்கினம்."

எங்கள் ஆட்களுக்கும் அந்த மரியாதை உண்டு. கல்லுக்குப் பதிலாக யோசிச்சுச் சொல்லுறம் என்று வைப்பார்கள். ஆனால் அதைச் சொல்கிற நேரம் அது இல்லை. நான் எழும்பி மூங்கில் பற்றைக்குப் பின்னால் போய்விட்டேன். பிள்ளையின் தாயும் பின்னால் வந்தா. நான் மெலிந்த மனுசி, எனக்கு மூங்கில் போதும். அவவுக்குப் போதவில்லை.

இனி இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவருக்குச் சீருடையைக் கண்டால் பயம். அகதியாக வந்த புதிதில் பிடித்த பயம், இந்த நாட்டுப் பாஸ்போட் கிடைத்தும் விடவில்லை. ரயிலில் டிக்கெட் கையில் இருக்கும், பரிசோதகர் வந்தால் நெற்றி வேர்க்கும். இன்னொன்று, இவர் ஒரு பிழையும் ஒத்துக்கொள்ள மாட்டார். கலியாணம் கட்டின நாளிலிருந்து எங்கள் வீட்டில் உடைந்த கோப்பை எல்லாம் தானாக உடைந்ததுதான்.

அந்த மனுசன் வாங்கைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். முழங்காலை நிமிர்த்தினார். பச்சைச் சட்டைக்கு முன்னால் போய் நின்று, தன்னுடைய தொழிற்சாலை ஜேர்மனில் சொன்னார். குரல் வேலைத்தலத்தில் கதைக்கிற மாதிரிச் சத்தமாகத்தான் வந்தது. சொல்லச் சொல்லக் கையால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு இஞ்சினியரைக் காட்டி, கையை அப்படி இப்படி ஆட்டினார்.

அந்தப் பெண் பெருமூச்சு விட்டா. கல்லில் பூசியிருந்தது என்ன என்று பிள்ளையிடம் கேட்டா. பிள்ளை இங்கிலீசில் ஏதோ சொன்னது. அவவின் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. மழை கழுவும், பாசியும் மிதிக்காமல் விட்டால் எழும்பும், கல்லை மட்டும் இருந்த இடத்தில் வையுங்கள் என்று சொல்லிவிட்டு, வைக்கும் வரை நின்று பார்த்தா. இஞ்சினியர்தான் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்து மகளிடம் கேட்டார்.

"சார் அந்தம்மாகிட்ட என்ன சொன்னாரு?"

பிள்ளை தயங்கியது. "அங்கிள் வந்து, 'நான்தான் எடுத்தேன், நான் மட்டும்தான். இவர் எங்க கெஸ்ட். இவருக்கு ஒண்ணும் தெரியாது, இவர் தொடவே இல்லை'ன்னு சொன்னாருப்பா."

இஞ்சினியர் அந்தப் பச்சைச் சட்டைப் பெண்ணுக்குப் பின்னால் விறுவிறு என்று நடந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். அவவை நிறுத்தி, இங்கிலீசில் ஏதோ சொல்லி, குனிந்து தூக்கிக் காட்டினார். அவ தலையாட்டிவிட்டுப் போனா. இவ்வளவு ஆட்கள் தாங்கள் தாங்கள்தான் குற்றவாளி என்று சொல்லி அவ கண்டிருக்க மாட்டா. அவர் திரும்பி வந்தார். முகம் கோபமாக இருந்தது.

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க? குனிஞ்சு எடுத்தது நான்ங்க."

இவர் வாங்கின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். "நீங்கள் விசாவில வந்து நிக்கிறியள்" என்றார். "உங்கட பேரை எங்கையாவது பதிஞ்சாங்கள் எண்டா, அடுத்த முறை விசா குடுக்க மாட்டாங்கள். நீங்கள் மகளிட்ட வந்து வந்து போக வேணுமெல்லே. என்னை என்ன செய்வினம்?"

ஒரு கல்லை இடம் மாற்றினதற்கு ஒருவரும் விசாவை மறுக்க மாட்டார்கள். அது மகனுக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியும், இஞ்சினியருக்கும் தெரிந்திருக்கும். ஒருவரும் அதைச் சொல்லவில்லை. இஞ்சினியர் இவருக்குப் பக்கத்தில் இருந்தார். சப்பாத்தைப் போட எடுத்தவர் போடாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் மூங்கிலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பிள்ளையின் தாயின் கை என் கையைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தா என்று தெரியாது.

"கல்யாணம் எங்க ஊர்லதானுங்க" என்றார் அவர், சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு. "அதுல பேச்சே இல்லை. அப்புறம் வருசத்துக்கு ஒருக்கா நாங்க இங்க வருவோம், ஒருக்கா இவங்க அங்க வரணும்."

இவர் வாங்கில் தள்ளி இருந்து அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார்.

"ஓம்" என்றார். "ஆனா நாங்களும் அங்க வாறதுக்கு விசா எடுக்க வேணும். தருவினமோ தெரியாது."

"தருவாங்க, தருவாங்க" என்று சப்பாத்துக்குள் காலை விட்டார் இஞ்சினியர். "நீங்க வந்துட்டு அங்க கல்லையெல்லாம் தூக்கி நகத்தாம இருந்தாப் போதும் சார். எங்க ஊர்ல இருக்கறதெல்லாம் நெஜமாவே சாமிதான்."